லைஃப்: படம் காட்டிய பத்திரிகையின் வரவும் செலவும்

கடை திறந்த முதல் நாளே சரக்கு தீர்ந்துவிடுகிறது. அடுத்த வாரம் வாசலில் கூட்டம் தாங்கவில்லை. நாலே மாதத்தில், எதிர்பார்த்ததைப் போல நாலு மடங்கு விற்பனை. ஆனால் கணக்கை முடித்துப் பார்த்தால் கல்லாவில் ஏற்கெனவே இருந்த பணமும் போயிருக்கிறது. கூட்டம் கூடக் கூட நஷ்டமும் கூடுகிறது. கேட்பதற்கு விடுகதை மாதிரி இருக்கும். 1937ஆம் ஆண்டு நியூயார்க்கில் ஹென்றி லூஸ் என்ற பத்திரிகை முதலாளிக்கு இது வாராவாரம் மேசைக்கு வந்த கணக்குத் தாள்.

அந்தப் பத்திரிகையின் பெயர் லைஃப். எழுத்தைவிடப் படத்தை அதிகம் நம்பி நடத்தப்பட்ட வார இதழ். 36 ஆண்டுகள் வாரந்தோறும் வந்து, ஒரு தலைமுறை அமெரிக்கர்கள் உலகத்தை எப்படிப் பார்த்தார்கள் என்பதையே அது பெருமளவுக்குத் தீர்மானித்தது. அதன் படங்களின் பெருமை பேசும் புத்தகங்களுக்குக் குறைவில்லை. பெருமையைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு அதன் பேரேட்டைப் புரட்டினால் வேறொரு கதை தெரிகிறது. அந்தப் படங்களுக்காகக் காத்துக் கிடந்த வாசகர்கள் பேரேட்டில் எந்தப் பக்கம் எழுதப்பட்டார்கள்? வரவிலா, செலவிலா?

பெர்லினில் இருந்து வந்த வித்தை

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. லூஸ் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. படங்களைக் கோத்துக் கதை சொல்லும் வித்தையை 1920களிலேயே ஜெர்மனிக்காரர்கள் கரைத்துக் குடித்திருந்தார்கள். 'பெர்லினர் இல்லுஸ்ட்ரீர்ட்டே ட்சைட்டுங்' என்று வாயில் நுழையாத பெயர் கொண்ட ஒரு வார இதழ் கிட்டத்தட்ட இருபது லட்சம் பிரதிகள் வரை விற்றுக்கொண்டிருந்தது. 1925இல் லைக்கா கேமரா சந்தைக்கு வந்தது. அதற்கு முன்பு பத்திரிகைக்குப் படம் எடுப்பவர் பெரிய பெட்டியையும் கண்ணாடித் தகடுகளையும் சுமந்துகொண்டு போக வேண்டும். எதிரே இருப்பவரிடம் "கொஞ்சம் அசையாமல் இருங்கள்" என்று கெஞ்ச வேண்டும். லைக்காவோ கோட்டுப் பையில் அடங்கியது. சினிமாவுக்குப் பயன்படும் அதே படச்சுருள், ஒரு சுருளுக்கு 36 படங்கள். படம் எடுக்கப்படுவது எதிரில் இருப்பவருக்குத் தெரியக்கூடத் தேவையில்லை. பாரிஸில் 1928இல் லூசியன் வோகெல் 'வூ' என்ற படப் பத்திரிகையைத் தொடங்கினார். லூஸ் அதையும் பக்கம் பக்கமாகப் பார்த்தவர்தான்.

1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். பெர்லின் பத்திரிகை உலகத்தில் யூதர்கள் ஏராளம். ஒவ்வொருவராக நாட்டை விட்டுக் கிளம்பினார்கள். பெர்லின் இதழின் ஆசிரியராக இருந்த குர்ட் கோர்ஃப் அமெரிக்கா வந்து லூஸின் நிறுவனத்துக்கு ஆலோசகரானார். ஆல்ஃபிரட் ஐசன்ஸ்டாட் தன் லைக்காவோடு 1935இல் நியூயார்க்கில் வந்து இறங்கினார். மியூனிக்கில் சிறைவைக்கப்பட்டு வெளியே வந்த ஸ்டெஃபான் லோரண்ட் இங்கிலாந்துக்குப் போய், 1938 அக்டோபரில் 'பிக்சர் போஸ்ட்' தொடங்கி அங்கும் சில மாதங்களில் பத்து லட்சத்தைத் தாண்டினார். ஒரு நாடு தன் கெட்டிக்காரர்களைத் துரத்தியது, வேறு இரண்டு நாடுகளில் பத்திரிகைத் தொழில் செழித்தது.

லூஸ் 1898இல் சீனாவில் பிறந்தவர். அமெரிக்கக் கிறிஸ்தவ ஊழியர் ஒருவரின் மகன். கல்லூரித் தோழர் பிரிட்டன் ஹேடனோடு சேர்ந்து 1923இல் 'டைம்' இதழைத் தொடங்கினார். ஹேடன் 1929இல் இறந்தார். அதே ஆண்டு அக்டோபரில் பங்குச் சந்தை தலைகுப்புற விழுந்தது. ஊரே கஞ்சிக்கு வரிசையில் நிற்கப் போகிற நேரத்தில், 1930 பிப்ரவரியில், பிரதி ஒரு டாலர் என்று விலை வைத்து 'ஃபார்ச்சூன்' என்ற வணிக இதழை வெளியிட்டார் லூஸ். யார் கேட்டாலும் பைத்தியக்காரத்தனம் என்றுதான் சொல்லியிருப்பார்கள். அது ஓடியது! இரும்பு ஆலைகளின் நெருப்பையும் இயந்திரங்களின் பளபளப்பையும் மார்கரெட் பர்க்-ஒயிட் என்ற இளம்பெண் படம் எடுத்துக் கொடுத்தார். தொழிற்சாலைப் படத்துக்குக்கூட இவ்வளவு வாசகர்கள் இருக்கிறார்களா என்று லூஸுக்குப் புரிந்தது அங்கேதான்.

முழுக்கப் படங்களாலான பத்திரிகை வேண்டும் என்ற யோசனையை அவருக்கு முன்பே வைத்திருந்தவர் கிளேர் பூத். 'வேனிட்டி ஃபேர்' இதழில் வேலை பார்த்தபோது தன் முதலாளியிடம் சொல்லிப் பார்த்தார். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1935இல் கிளேர் லூஸை மணந்தார். யோசனையும் லூஸ் வீட்டுக்கு வந்துசேர்ந்தது.

பெயர் வைப்பதில் பெரிய இழுபறி. பத்து சென்ட் விலை என்பதால் அந்த நாணயத்தின் பெயரையே வைத்து 'டைம்' என்று ஒரு மாதிரி இதழ் தயாரித்தார்கள். (தமிழில் எழுதினால் அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒரே பெயர் ஆகிவிடும். ஆங்கிலத்தில் முதல் எழுத்து மட்டும் வேறு.) நல்லவேளை, அது நிற்கவில்லை. 1883இல் இருந்து வந்துகொண்டிருந்த 'லைஃப்' என்ற நகைச்சுவை இதழ் ஒன்று நொடித்துக் கிடந்தது. லூஸ் அதை 92,000 டாலர் கொடுத்து வாங்கினார். அதன் துணுக்குகளோ சந்தாதாரர்களோ அவருக்குத் தேவையில்லை. பெயர் மட்டும் போதும். பெயர் என்பது கண்ணுக்குத் தெரியாத சொத்து என்று வணிகவியல் பாடத்தில் வரும். வெறும் பெயரை விலை பேசி வாங்கிய வியாபாரத்துக்கு இதைவிடச் சுருக்கமான உதாரணம் கிடைக்காது.

வழவழப்பான காகிதமும் 250 இலையும்

இனிதான் கணக்கு.

படம் நன்றாக வர வேண்டுமானால் செய்தித்தாள் காகிதம் உதவாது. மை ஊறி, முகம் கறுத்துவிடும். வழவழப்பான பூச்சுக் காகிதம் வேண்டும். அந்தக் காகிதத்தில் மை சீக்கிரம் காயாது. மாத இதழ் என்றால் காயவைத்து அச்சிடலாம். வார இதழுக்கு, அதுவும் லட்சக்கணக்கில், எங்கே நேரம்? சிகாகோவில் டானலி அச்சகத்தார் இதற்கு வழி கண்டுபிடித்தார்கள். சூடுபட்டதும் காய்ந்துவிடும் மை, அச்சு இயந்திரத்திலேயே சூடாக்கும் ஏற்பாடு. வேகமாகச் சுழலும் இயந்திரத்தில் உருளைக் காகிதம் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் காய்ந்து வெளியே வந்தது. லைஃப் சாத்தியமானதற்கு லைக்கா எவ்வளவு காரணமோ அந்த மையும் அவ்வளவு காரணம். மையைப் பற்றி யாரும் கவிதை எழுதவில்லை, அவ்வளவுதான்.

ஆக, ஒவ்வொரு பிரதியிலும் விலையுயர்ந்த காகிதம், விலையுயர்ந்த அச்சு. விற்பதோ பத்து சென்டுக்கு. அதிலும் கடைக்காரருக்கு ஒரு பங்கு, கொண்டுசேர்ப்பவருக்கு ஒரு பங்கு. மிஞ்சுவது காகிதச் செலவுக்கே கட்டாது. இது லூஸுக்குத் தெரியாதா? தெரியும். பத்திரிகைத் தொழிலில் இது ரகசியமே இல்லை. வாசகரிடம் வாங்குவது பாதி. மீதியை விளம்பரதாரரிடம் வாங்க வேண்டும். 'இத்தனை பேர் கண்ணில் உங்கள் சோப்புக் கட்டியைக் காட்டுகிறோம், தலைக்கு இவ்வளவு' என்பதுதான் பேரம்.

பத்திரிகை வருவதற்கு முன்பே விளம்பரதாரர்களிடம் ஓராண்டுக்கு ஒப்பந்தம் போட்டார்கள். எத்தனை பிரதி விற்கும் என்று உறுதிகூற வேண்டுமே? 2,50,000 என்று சொன்னார்கள். புதிய பத்திரிகைக்கு அதுவே துணிச்சலான எண்ணிக்கை. அந்த எண்ணிக்கைக்குத் தகுந்த கட்டணத்தை நிர்ணயித்துக் கையெழுத்துப் போட்டாயிற்று.

கல்யாணச் சமையல்காரர் ஒருவர் 250 இலைக்கு என்று விலை பேசி ஒப்புக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சாப்பாட்டின் மணம் ஊர் முழுக்கப் பரவி ஆயிரம் பேர் பந்தியில் உட்கார்ந்துவிடுகிறார்கள். பெண் வீட்டார் பேசிய பணத்துக்கு மேல் ஒரு காசு தர வேண்டியதில்லை. வந்தவர்களை எழுப்பி அனுப்பவும் முடியாது. அரிசியும் பருப்பும் எண்ணெயும் சமையல்காரரின் கையில் இருந்து போகின்றன. சாப்பிட்டவர்கள் எல்லாரும் 'பிரமாதம்' என்று ஏப்பம் விட்டுப் போகிறார்கள். லைஃப் கதை அப்படியே இதுதான்.

முதல் இதழ் 1936 நவம்பர் 23 தேதியிட்டு வந்தது. 96 பக்கங்கள். முதல் இதழே சுமார் 3,80,000 பிரதிகள். சொன்ன எண்ணிக்கையை அப்போதே தாண்டிவிட்டது. கடைகளில் இல்லை என்று பலகை மாட்டாத குறை. நான்கு மாதத்தில் வாரம் பத்து லட்சம். அதுவரை எந்த அமெரிக்கப் பத்திரிகையும் அவ்வளவு வேகமாக வளர்ந்ததில்லை. விளம்பரதாரர்கள் இரண்டரை லட்சம் வாசகருக்கான காசைக் கொடுத்துவிட்டு, பத்து லட்சம் பேர் கண்ணில் பட்டார்கள். அவர்களுக்கு அடித்தது யோகம். லூஸுக்கு லட்சக்கணக்கான டாலர் நஷ்டம்.

விற்பனையை நிறுத்திவைத்திருக்கலாம். இரண்டரை லட்சத்துக்கு மேல் அச்சடிக்க மாட்டோம் என்று சொல்லியிருந்தால் ஒப்பந்தமும் மீறப்படாது, பணமும் தப்பியிருக்கும். ஆனால் அந்தக் கூட்டம் மறுபடி வருமா? 1937 ஜனவரியில் 'லுக்' என்ற போட்டிப் பத்திரிகையும் கடைக்கு வந்துவிட்டது. லூஸ் அச்சடித்துக்கொண்டே இருந்தார். 'டைம்' சம்பாதித்ததை லைஃப் தின்றது. பழைய ஒப்பந்தங்கள் முடிந்து, புதிய வாசகர் எண்ணிக்கைக்குத் தக்கபடி கட்டணம் ஏறி, 1939 வாக்கில்தான் லாபம் கண்ணில் பட்டது. கையில் இன்னொரு லாபமான பத்திரிகை இல்லாத ஒருவர் இதே வெற்றியைப் பெற்றிருந்தால் ஆறே மாதத்தில் கடையைச் சாத்தியிருப்பார். வெற்றியைத் தாங்குவதற்கும் முதல் வேண்டும் என்பதை லைஃப் புகழ்பாடும் புத்தகங்கள் அவ்வளவாகச் சொல்வதில்லை.

கூட்டம் எதற்காக வந்தது?

முதல் இதழின் அட்டையில் மொண்டானா மாநிலத்தில், மிசோரி ஆற்றில் கட்டப்பட்டுக்கொண்டிருந்த ஃபோர்ட் பெக் அணை. கோட்டை மதில்கள் போல வானத்தை முட்டும் கான்கிரீட் தூண்கள், கீழே எறும்பு மாதிரி இரண்டு மனிதர்கள். எடுத்தவர் பர்க்-ஒயிட். (அது உண்மையில் அணை அல்ல, உபரி நீர் வெளியேறும் மதகுப் பகுதி. அட்டையில் என்னவோ 'அணை' என்றே போய்விட்டது.) அவரை அனுப்பியது கட்டுமானத்தைப் படம் எடுக்கத்தான். அவரோ வேலை முடிந்த பின் தொழிலாளிகள் என்ன செய்கிறார்கள் என்று சுற்றுவட்டாரக் குடிசை ஊர்களுக்குள் போனார். சனிக்கிழமை இரவு மதுக்கடைகள், காசுக்குக் கூட ஆடும் பெண்கள், பரிமாறுகிற பெண்ணின் குழந்தை மதுக்கடை மேடை மேலேயே உட்கார்ந்திருக்கிறது. அணையைக் கேட்டால் ஒரு ஊரின் வாழ்க்கையே வந்துவிட்டதே என்று ஆசிரியர் குழு திகைத்தது. அப்படியே அச்சிட்டார்கள். பொருளாதார மந்தத்தில் பிழைப்பு தேடி அலைந்த ஒரு நாடு தன் முகத்தை அந்தப் பக்கங்களில் பார்த்தது.

படங்கள் தனித்தனியாக இல்லாமல், தொடக்கமும் முடிவும் உள்ள கட்டுரையாகச் சேர்ந்து வந்தன. இந்த வடிவத்தின் உச்சம் என்று பலரும் சொல்வது 1948 செப்டம்பரில் வந்த 'கிராமத்து டாக்டர்'. யூஜின் ஸ்மித் என்ற புகைப்படக்காரர் கொலராடோ மாநிலத்தில் கிரெம்லிங் என்ற சிற்றூருக்குப் போய், அங்கே சுற்றுப்பட்டு முழுவதற்கும் ஒரே மருத்துவராக இருந்த எர்னஸ்ட் செரியானியுடன் 23 நாட்கள் நிழல்போலத் திரிந்தார். குதிரை உதைத்து நெற்றி கிழிந்த சின்னப் பெண். தையல் போட்ட பிறகு கண் போய்விடும் என்று பெற்றோரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நிற்கும் டாக்டர். நள்ளிரவு கடந்து ஓர் அறுவை சிகிச்சை முடித்து, கையில் காபிக் கோப்பையும் சிகரெட்டுமாகச் சமையலறை மேடையில் சாய்ந்து நிற்கும் அவரது முகம். அதில் வீரமும் இல்லை, தியாகமும் இல்லை. வெறும் களைப்பு. அந்தப் படம் மனதில் நிற்பதற்குக் காரணமே அதுதான்.

வாசகர்களைச் சங்கடப்படுத்தவும் லைஃப் தயங்கவில்லை. 1938 ஏப்ரலில் ஒரு குழந்தை பிறப்பதைப் படங்களாக வெளியிட்டது. பல ஊர்களில் இதழுக்குத் தடை. பதிப்பாளர் ராய் லார்சன் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் வேண்டுமென்றே தன் கையால் ஒரு பிரதியை விற்று, கைதாகி, வழக்காடி விடுதலையானார். (விளம்பரம் என்றால் இதுவும் விளம்பரம்தான்!) 1943 செப்டம்பரில், நியூ கினி கடற்கரையில் இறந்து கிடக்கும் மூன்று அமெரிக்க வீரர்களின் படம் வந்தது. எடுத்தவர் ஜார்ஜ் ஸ்ட்ராக். அதுவரை போரில் செத்த சொந்தப் பிள்ளைகளின் உடலை அமெரிக்கர்கள் படத்தில் பார்த்ததில்லை, தணிக்கை விடவில்லை. பத்திரிகை மாதக்கணக்கில் வாதாடி அனுமதி வாங்கியது.

இந்தியாவுக்கும் இதில் ஒரு பக்கம் உண்டு. 1946இல் காந்தியைப் படம் எடுக்க பர்க்-ஒயிட் புனே வந்தார். ராட்டை சுற்றத் தெரியாதவர் ராட்டையோடு இருப்பவரை எப்படிப் படம் எடுப்பது என்று காந்தியின் செயலாளர் கேட்க, முதலில் நூற்கக் கற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று. பிறகு மூன்றே மூன்று ஃபிளாஷ் பல்புகளுக்கு மட்டும் அனுமதி. இரண்டு வீணாயின. மூன்றாவதில் கிடைத்த படம்தான் ராட்டைக்குப் பின்னால் காந்தி குனிந்து படித்துக்கொண்டிருக்கும், இன்று உலகம் முழுக்கத் தெரிந்த படம். அந்த ஆண்டு லைஃப் அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1948 ஜனவரி 30க்குப் பிறகு வந்த அஞ்சலியில்தான் அது பெரிய அளவில் அச்சானது. ஒரு படத்தின் மதிப்பு அது எடுக்கப்பட்ட நாளில் தெரிவதில்லை. பெட்டியில் கிடக்கும் சரக்குக்கு ஒரு நாள் திடீரென்று விலை வருகிறது.

அந்தப் பெட்டியின் சாவி யாரிடம் இருந்தது என்பதுதான் சண்டைக்குக் காரணமானது. சம்பளத்துக்கு வேலை பார்த்த புகைப்படக்காரரின் படங்கள் நிறுவனத்துக்குச் சொந்தம். எதை அச்சிடுவது, எதை வெட்டுவது, எந்த வரிசையில் வைப்பது எல்லாம் நியூயார்க் அலுவலகத்தில் முடிவாகும். 1947இல் ராபர்ட் கப்பா, கார்த்தியே-பிரெசோன், டேவிட் சீமோர், ஜார்ஜ் ராஜர் முதலானோர் சேர்ந்து 'மேக்னம்' என்ற கூட்டுறவு அமைப்பைத் தொடங்கியதன் அடிப்படைக் கொள்கையே படத்தின் உரிமை எடுத்தவருக்கே என்பதுதான். அதற்காகப் பத்திரிகையைப் பகைத்துக்கொள்ளவும் முடியாது. லைஃப் போலப் பணம் கொடுக்க வேறு ஆள் இல்லை. கப்பா 1954 மே மாதம் வியட்நாமில் கண்ணிவெடியை மிதித்து இறந்தபோது லைஃப் வேலையாகத்தான் போயிருந்தார். 'கிராமத்து டாக்டர்' ஸ்மித், ஆல்பர்ட் ஷ்வைட்சர் பற்றிய தன் படக்கட்டுரையை ஆசிரியர்கள் தன் விருப்பத்துக்கு மாறாகச் சுருக்கி வெளியிட்டார்கள் என்று கோபித்துக்கொண்டு வேலையை விட்டார். கோபம் நியாயமானதுதான். ஆனால் அதற்குப் பின் அவர் பட்ட பணக்கஷ்டத்தைப் பார்க்கும்போது, லைஃப் கொடுத்த மாதச் சம்பளமும் அந்தப் படங்களுக்குள் ஒளிந்திருந்தது தெரிகிறது.

அதே கணக்கு, தலைகீழாக

1950களில் வீடுதோறும் தொலைக்காட்சி வந்தது. 1963 நவம்பரில் கென்னடி சுடப்பட்டபோது, அதை 8 மில்லிமீட்டர் கேமராவில் தற்செயலாகப் படம்பிடித்திருந்த ஆபிரகாம் ஸப்ரூடரிடம் லைஃப் 1,50,000 டாலர் கொடுத்து உரிமையை வாங்கி, ஒவ்வொரு சட்டகமாக அச்சிட்டது. பத்திரிகைத் தொழிலில் அது பெரிய சாதனை. ஆனால் அந்த நான்கு நாட்களும் நாடு உட்கார்ந்திருந்தது தொலைக்காட்சிப் பெட்டியின் முன்னால்.

சோப்பு விற்பவருக்குப் படக்கட்டுரையின் அழகு முக்கியமில்லை. ஆயிரம் பேர் கண்ணில் படுவதற்கு எவ்வளவு செலவு என்பதே கேள்வி. தொலைக்காட்சி அதை மலிவாகச் செய்தது. பத்திரிகைகள் என்ன செய்தன? தொலைக்காட்சியோடு எண்ணிக்கையில் மல்லுக்கட்டக் கிளம்பின. 'எங்களுக்கும் அத்தனை வாசகர்கள் இருக்கிறார்கள்' என்று காட்டுவதற்காகச் சந்தாவை அடிமாட்டு விலைக்குக் கொடுத்தன. 'சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்' தள்ளாடத் தொடங்கியபோது, 1968இல், அதன் சந்தாதாரர்களில் ஒரு பகுதியை லைஃப் எடுத்துக்கொண்டது. எண்ணிக்கை 85 லட்சத்தைத் தொட்டது.

வணிகவியல் படிக்கும் யாரும் இந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார வேண்டும். முன்கூட்டி வாங்கிய சந்தா வருமானம் அல்ல, பொறுப்பு. ஐந்தொகையில் அது கடன் பக்கத்தில்தான் நிற்கும். பணம் வாங்கியாயிற்று, இனி வாராவாரம் இதழை அச்சடித்து வீட்டு வாசலில் சேர்த்தாக வேண்டும். அடுத்தவர் பத்திரிகையின் சந்தாதாரரை எடுத்துக்கொள்வது என்றால் அந்தக் கடனையும் சேர்த்து எடுத்துக்கொள்வதுதான். 1937இல் வாசகர்கள் தாமாக வந்தார்கள், விளம்பரதாரர் கட்டணம் பின்னால் ஏறி வந்து பத்திரிகையைக் காப்பாற்றியது. இப்போது வாசகர்களைத் தேடிப் பிடித்துக்கொண்டு வந்தார்கள், பின்னால் விளம்பரதாரர் வரவில்லை. 250 இலைக் கணக்கு மறுபடியும் வந்து நின்றது. இந்தத் தடவை பந்தியில் உட்கார்ந்தவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்ததே சமையல்காரர்.

லூஸ் 1967 பிப்ரவரியில் இறந்திருந்தார். இந்தக் காட்சியைப் பார்க்க அவர் இல்லை.

அந்த நாட்களிலும் பக்கங்களில் உயிர் குறையவில்லை. 1969 ஜூன் 27 இதழில், வியட்நாம் போரில் ஒரு வாரத்தில் உயிரிழந்த அமெரிக்கர்கள் 242 பேரின் முகங்களை வரிசையாக அச்சிட்டார்கள். பெரிய புகைப்படக்காரர் யாரும் எடுத்ததல்ல. பள்ளிக்கூடத்தில் எடுத்தது, பட்டாளத்தில் சேர்ந்தபோது எடுத்தது, வீட்டு அலமாரியில் சட்டம் போட்டு வைத்திருந்தது. பெரும்பாலும் இருபது வயதை ஒட்டிய பையன்கள். படத்தின் கீழே பெயர், வயது, ராணுவப் பதவி, ஊர். அவ்வளவுதான். லைஃப் வெளியிட்ட படங்களிலேயே கனமானவை எவை என்று கேட்டால், ஃபோர்ட் பெக் அட்டையையும் விட்டுவிட்டு இந்தச் சாதாரணப் படங்களைக் காட்டலாம்.

1971இல் எண்ணிக்கையை 85 லட்சத்தில் இருந்து 70 லட்சமாகக் குறைத்தார்கள். ஆம், வேண்டுமென்றே குறைத்தார்கள். வாசகர் குறைந்தால் செலவு குறையும்! அந்த அக்டோபரில் 'லுக்' மூடப்பட்டது. போட்டியாளர் போனதில் கொஞ்சம் விளம்பரம் வரும் என்று எதிர்பார்த்திருக்கலாம். 1972 ஜனவரியில் மறுபடியும் 55 லட்சமாகக் குறைத்தார்கள். பிரதிகளில் பெரும்பகுதி தபாலில் போவது. தபால் துறை சீரமைக்கப்பட்டு, பத்திரிகைகளுக்கான கட்டணம் ஆண்டுக்கு ஆண்டு ஏறப்போவதும் உறுதியாகிவிட்டது. வழவழப்பான காகிதம் எடை அதிகம். எந்தக் காகிதம் லைஃபை லைஃப் ஆக்கியதோ அதுவே தபால் தராசில் எதிரியாகிப்போனது.

1972 ஜூன் 2 இதழில் யூஜின் ஸ்மித் திரும்பி வந்தார், ஊழியராக அல்ல. ஜப்பானில் மினமாட்டா என்ற கடற்கரை ஊரில், சிசோ என்ற ரசாயன ஆலை கடலில் கலந்த பாதரசம் மீன் வழியாக மனிதர்களுக்குள் போய், நரம்பைத் தின்று, வயிற்றிலிருந்த குழந்தைகளையும் முடக்கியிருந்தது. ஸ்மித்தும் மனைவி ஐலீனும் அங்கேயே குடியிருந்து படம் எடுத்தார்கள். அந்த ஜனவரியில் ஆலைத் தரப்பு ஆட்களிடம் ஸ்மித் பலமாக அடிபட்டு, பார்வையும் பாதிக்கப்பட்டிருந்தது. லைஃப் அந்தப் படங்களைப் பக்கங்கள் ஒதுக்கி வெளியிட்டது. ஒரு மீனவ ஊரின் துயரம் ஒரே வாரத்தில் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது.

ஆறு மாதம் கழித்து, டிசம்பர் 8ஆம் தேதி, பத்திரிகையை நிறுத்துவதாக அறிவிப்பு வந்தது. டிசம்பர் 29 தேதியிட்டது கடைசி வார இதழ். 1978இல் அதே பெயரில் மாத இதழாக மறுபடி வந்து 2000 வரை ஓடியது. பிறகு சில காலம் செய்தித்தாள்களின் இணைப்பாகவும் வந்தது. 2008 நவம்பரில் கூகிள் நிறுவனம் லைஃப் படப்பெட்டியை இணையத்தில் திறந்துவிட்டபோது, அதில் பெரும்பாலான படங்கள் அதற்கு முன் எங்கும் அச்சாகாதவை என்று தெரிந்தது. 1972 டிசம்பரில் கடையைச் சாத்திய அந்த வாரமும், இதழுக்காக 55 லட்சம் வீடுகள் காத்திருந்தன.